சேர்வராயன் மலைல மவுண்டன் பைக்: மொதல்ல எறங்கக் கத்துக்கோங்க

சேர்வராயன் மலைல ஏற்காட்டுக்கு ஏறற ரோட்டு பெண்டுல சைக்கிள நிறுத்தி ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டா போதும், மறுநாளே நாலு பேரு கேட்டுருவாங்க, அண்ணா நானும் வரேன், எந்த சைக்கிள் வாங்கலாம், ஏற எத்தன மணி நேரம் ஆகும், எந்த ரூட்டுல போலாம்னு. இத்தன வருசத்துல ஒருத்தர் கூட எப்படி எறங்கறதுன்னு கேட்டதில்ல. நானும் அந்தக் காலத்துல கேக்கல, அதுக்கு அடையாளமா தாடையில மூணு தையல் இருக்கு.

நடந்தது இதுதான். பக்கத்து வீட்டு தம்பிகிட்ட கியர் சைக்கிள் ஓசி வாங்கிட்டு விடிகாலைல அடிவாரத்துல இருந்து மிதிச்சேன், மூணு மணி நேரத்துக்கு மேல ஆச்சு, ஆனா ஏறிட்டேன். ஏரிகிட்ட மொளகா பஜ்ஜி சாப்ட்டு, வீட்டுக்குப் போன் போட்டு பெருமை பேசிட்டு, இனிமே என்ன, எறக்கம்தானேன்னு விட்டேன் பாருங்க. மொத நாலஞ்சு பெண்டு சொர்க்கம். அப்பறம் பின்னாடி இருந்து கர்ர்ர்னு ஒரு சத்தம், கரும்பு மிஷின்ல இரும்பு மாட்டுன மாதிரி, நான் ஏதோ செடி மாட்டிருக்குன்னு நெனச்சேன். அடுத்த வளைவுல பிரேக் லீவர் ஹேண்டில் வரைக்கும் வந்து ஒட்டுது, வண்டி நிக்கவே இல்ல. நல்லவேளை மலைப்பக்க சாக்கடைல விழுந்தேன், பள்ளத்துப் பக்கம் விழல. மேல ஏறிட்டு இருந்த லாரில கிளீனரா வந்த பெரியவர் ஒருத்தர் எறங்கி வந்து, தண்ணிய ஊத்தி மூஞ்சியக் கழுவி விட்டுட்டு, சைக்கிள நிமுத்தி சக்கரத்த ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. "ஏஞ்சாமி, பிரேக் கட்டையில ரப்பரே இல்ல, வெறும் இரும்பு. இத வச்சுக்கிட்டா மலையேறுன?"ன்னாரு. ஏறும்போது எதுக்குய்யா பிரேக்குன்னு எனக்கு சொல்லத் தோணுச்சு, வாய் முழுக்க ரத்தம், சொல்லல.

அதனால இந்தக் குறிப்பு முழுக்க கொஞ்சம் தலைகீழாத்தான் இருக்கும். எறக்கத்துல ஆரம்பிப்போம்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெளிவு பண்ணிடறேன், ஏன்னா வெளிநாட்டு வீடியோ பாத்துட்டு வர்றவங்க ஏமாந்து போறாங்க. அங்கெல்லாம் மரத்துல போர்டு மாட்டி, பச்சை வட்டம்னா ஈசி, நீலக் கட்டம்னா சுமார், கருப்பு டைமண்ட்னா கஷ்டம், ரெண்டு டைமண்ட்னா வீட்டுல சொல்லிட்டு வான்னு பிரிச்சு வச்சிருப்பாங்க. நம்ம சேர்வராயன் மலைல அந்த மாதிரி போர்டு போட்ட ட்ரெயில் கிடையாது. இங்க இருக்கறது காப்பி எஸ்டேட்டுக்குள்ள ஜீப்பு போற மண் ரோடு, பாதி தாரும் பாதி கப்பியுமா கெடக்கற பஞ்சாயத்து ரோடு, ஊருக்கு ஊரு ஜனங்க நடக்கற ஒத்தையடிப்பாதை, அப்பறம் கீழ சேலத்துல ஏரிக்கரையும் கரட்டடி வண்டிப்பாதையும். அந்த பச்ச நீலம் கருப்புக் கணக்க நாங்க எங்களுக்குள்ள வச்சுக்கிட்டு, இன்னிக்கு பச்சையா நீலமான்னு கேட்டுக்கிட்டுதான் கெளம்புவோம். நானும் அதே மாதிரியே பிரிச்சு சொல்றேன்.

சேலம் டவுனு கடல் மட்டத்துல இருந்து 280 மீட்டர் கிட்ட, ஏற்காடு 1500 மீட்டர ஒட்டி, சேர்வராயன் கோயில் உச்சி 5326 அடி. அடிவாரத்துல இருந்து சுமார் 20 கி.மீ. மலை ரோடு, அதுல 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு போர்டு இருக்கு. ஏறும்போது உங்க தொடை வாங்கிக்கற அந்த ஆயிரம் மீட்டர் சொச்சத்த எறங்கும்போது பெரும்பகுதி பிரேக்தான் வாங்கிக்கும், அது சூடாத்தான் போகும். ஒரு தடவ எறங்கி முடிச்சதும் டிஸ்க் பிரேக் தகட்டுல ரெண்டு சொட்டு தண்ணி விட்டுப் பாருங்க, தோசக்கல்லு மாதிரி சொய்ங்ங்னு சத்தம் கேக்கும். கைய மட்டும் வச்சு டெஸ்ட் பண்ணாதீங்க.

சைக்கிளுக்கு வருவோம். மொதல் வருசம் புது வண்டி வாங்கணும்னு அவசியமே இல்ல. எங்க தங்கச்சி பொண்ணு பள்ளிக்கூடத்துல அரசாங்கம் குடுத்த இலவச சைக்கிள், அதான் முன்னாடி கூடை வச்சது, கியர் கிடையாது, அதுலயே மூக்கனேரி கரைல எங்கள விட நல்லா ஓட்டுவா. மலைக்குப் போகணும்னா மட்டும் கியர் வேணும், முன் ஃபோர்க்குல சஸ்பென்ஷன் இருந்தா கைக்கு நல்லது, பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத ஹார்டுடெயில் வண்டியே இங்க இருக்கற பாதைக்கு தாராளம். கடைல டபுள் சஸ்பென்ஷன்னு சொல்லி கம்மி வெலைல ஒரு இரும்பு வண்டி காட்டுவாங்க பாருங்க, பாக்க பைக்கு மாதிரி இருக்கும், ஏத்தத்துல நீங்க மிதிக்கற பாதி ஸ்பிரிங்குக்குள்ளயே போயிரும், அது வேணாம். அந்தக் காசுக்கு நல்ல ஹார்டுடெயிலும், டிஸ்க் பிரேக்கும், தலைக்கு ஒரு ஹெல்மெட்டும் பாருங்க. ரிம்ம ரெண்டு பக்கமும் ரப்பர் கட்டை புடிக்கற பழைய வி பிரேக் வண்டி வச்சிருந்தாலும் ஓட்டலாம், கட்டை மட்டும் புதுசா மாத்திட்டு வாங்க, கட்டையில வரி வரியா வெட்டு இருக்கும், அந்த வரி அழிஞ்சிருந்தா ஆயுசு முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். டிஸ்க்குன்னா அதக் கவ்விப் புடிக்கற பேடு எவ்வளவு பாக்கி இருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, ஒரு மில்லிமீட்டர்கிட்ட வந்துருச்சுன்னா மாத்திருங்க. செயினுக்கு அடிக்கற ஆயில் ஸ்பிரேய டிஸ்க் பக்கம் காட்டவே காட்டாதீங்க, ஒரு துளி பட்டாலும் பேடு அதக் குடிச்சிரும், அப்பறம் எவ்வளவு அமுக்குனாலும் வண்டி கத்துமே தவிர நிக்காது.

டயர்ல காத்து. இது யாரும் சொல்லித்தர மாட்டேங்கறாங்க, பஞ்சர் கடைல போனா கல்லு மாதிரி 60 பிஎஸ்ஐ அடிச்சு விட்டுருவாங்க, தார் ரோட்டுக்கு அது சரிதான். மண்ணுல அந்தக் காத்தோட போனா சின்னக் கல்லுக்கெல்லாம் வண்டி தவளை மாதிரி குதிக்கும், டயரு மண்ணப் புடிக்காது. 70 கிலோ ஆளு, ரெண்டே கால் இஞ்சு டயரு, உள்ள டியூப்பு, இதுக்கு முன்னாடி 28, பின்னாடி 32னு வச்சுப் பாருங்க, வெயிட்டு ஏறுனா ரெண்டு மூணு ஏத்திக்கங்க. ரொம்பக் கொறச்சாலும் ஆபத்து, கல்லு விளிம்புல டயரு நசுங்கி டியூப்புல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்ட விழும். கட்ட வெரலால டயர அமுக்குனா லேசா உள்ள போகணும், ரிம்முல முட்டக்கூடாது, அதான் கணக்கு.

இப்ப பிரேக். நம்ம ஊர்ல எல்லா அப்பாவும் புள்ளைக்கு சொல்லிக்குடுக்கற மொத பாடமே முன் பிரேக்கப் புடிக்காதடா, குப்புற விழுந்துருவங்கறதுதான். அந்தப் பயம் நெஞ்சுல ஒக்காந்துக்கிட்டு, மலை எறக்கத்துல எல்லாரும் பின் பிரேக்க மட்டும் மாங்கு மாங்குன்னு புடிச்சுக்கிட்டு வருவாங்க, பின் சக்கரம் லாக் ஆகி சர்ருன்னு இழுத்துக்கிட்டு போகும், மண்ணும் கெடும், ஆளும் விழுவான். எறக்கத்துல வெயிட்டு முன்னாடி வருது, அதனால வண்டிய நிறுத்தற வேல பெரும்பகுதி முன் பிரேக்குதான் செய்யுது. தப்பு முன் பிரேக்குல இல்ல, நாலு வெரலும் போட்டு கபக்குன்னு புடிக்கறதுலதான். ஆள்காட்டி வெரல் ஒண்ணு மட்டும் லீவர் மேல, மீதி மூணு வெரல் ஹேண்டில்ல, ரெண்டு பிரேக்கையும் சேத்து, எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி மெதுவா ஆரம்பிச்சு இறுக்கணும். ஓசி வாங்குன வண்டின்னா எந்தக் கை முன் பிரேக்குன்னு தெருவுலயே பாத்துக்கங்க, வண்டிக்கு வண்டி எடது வலது மாறி இருக்கும்.

வளைவுக்கு முன்னாடி வேகத்தக் கொறச்சுட்டு, வளைவுக்குள்ள பிரேக்க விட்டுடணும். எழுதறது ஈசி, வளைவப் பாத்ததும் கை தானா இறுக்கும், அத விட வைக்கறதுக்கே எனக்கு ஒரு வருசம் ஆச்சு. சரளை மேல வண்டி சாஞ்சிருக்கும்போது பிரேக் அழுத்துனா டயருக்கு வளையறதா நிக்கறதான்னு தெரியாம ரெண்டையும் விட்டுரும், நீங்க சைடுல படுத்துருவீங்க.

ஒடம்பு எப்படி இருக்கணும்னா, எறக்கத்துல சீட்டுல ஒக்காரக் கூடாது. ரெண்டு பெடலும் தரைக்கு சமமா, ஒரு கால் கீழ ஒரு கால் மேலன்னு இல்லாம, முட்டி லேசா மடங்கி, குதிகால் கொஞ்சம் கீழ எறங்கி, முழங்கை ரெண்டும் வெளிப்பக்கமா விரிஞ்சு, இடுப்ப பின்னாடி தள்ளி நிக்கணும். கெணத்து மேட்டுல நின்னு உள்ள எட்டிப் பாக்கறோமே அந்த மாதிரி வச்சுக்கங்க. சீட்ட ரெண்டு மூணு இஞ்சு கீழ எறக்கிட்டா இதெல்லாம் பாதி தானா வந்துரும், ஏறும்போது மறுபடி ஏத்திக்கலாம், லீவர் போட்ட சீட்டுன்னா பத்து செகண்டு வேல. கண்ணு முன் சக்கரத்தப் பாக்கக் கூடாது, பத்து பதினஞ்சு அடி தள்ளிப் பாக்கணும். கல்லையே பாத்துக்கிட்டு வந்தா கல்லு மேலதான் ஏறுவீங்க, நான் பாத்த வரைக்கும் இதுல விதிவிலக்கே இல்ல.

இதப் பழக மலைக்குப் போக வேண்டாம். பொங்கல் வெளையாட்டு விழாவுல ஸ்லோ சைக்கிள் ரேஸ் வைப்பாங்கல்ல, யாரு கடைசியா வர்றாங்களோ அவங்க ஜெயிச்சாங்கன்னு, மவுண்டன் பைக்குக்கு அத விட நல்ல பயிற்சி நான் பாக்கல. ரெண்டு பேரு சேந்து பள்ளிக்கூட கிரவுண்டுல பத்து நாள் அத ஓட்டுங்க, கால் ஊணாம முப்பது அடி தூரத்த எவ்வளவு மெதுவா கடக்கறீங்கன்னு. அது வந்துட்டா கல்லு மேல ஏறும்போது பயந்து வேகம் போட மாட்டீங்க, மெதுவாவே உருட்டிட்டுப் போயிருவீங்க. அப்பறம் தண்ணி பாட்டில் ஒண்ணத் தரைல வச்சுட்டு, வேகமா வந்து பாட்டில் கிட்ட பிரேக்க ஆரம்பிச்சு எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு பாருங்க, ஒரு தடவ பின் பிரேக் மட்டும், ஒரு தடவ ரெண்டும். வித்தியாசத்தப் பாத்தா அப்பா சொன்னத மறந்துருவீங்க.

பச்சைப் பாதை. புதுசா வர்றவங்க, பசங்க, ரொம்ப நாள் கழிச்சு சைக்கிள் தொடறவங்க எல்லாருக்கும் சேலத்துலயே இருக்கு. கன்னங்குறிச்சி மூக்கனேரி கரை, காலைல வாக்கிங் போறவங்க இருப்பாங்க, பெல் அடிச்சுட்டு மெதுவாப் போகணும், ஏரி நடுவுல தீவு மாதிரி மண்ணக் கொட்டி மரம் வச்சிருக்காங்க, பறவை நெறைய. அது அலுத்துருச்சுன்னா கஞ்சமலை அடிவாரம், சித்தர் கோயில் பக்கம் மண்பாதையும் கிராமத்து ரோடுமா மாறி மாறி வரும், லேசா ஏத்தம் எறக்கம், கியர் மாத்திப் பழக நல்ல எடம். ஏத்தம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கியர மாத்திடணும், பாதி ஏத்தத்துல மூச்சு வாங்கும்போது மாத்துனா செயின் கடமுடான்னு கழண்டுக்கும். அமாவாசை அன்னிக்கு மட்டும் அந்தப் பக்கம் போயிடாதீங்க, கோயிலுக்கு வர்ற கூட்டத்துல சைக்கிள உருட்டக்கூட எடம் இருக்காது. கீழ சேலத்துல பெரிய எதிரி சீமைக்கருவேல முள்ளுதான், ஏரிக்கரைல வண்டிய ஓரமா தள்ளி நிறுத்திட்டுப் போட்டோ எடுத்தா போச்சு. எக்ஸ்ட்ரா டியூப் இல்லாம கெளம்பாதீங்க.

மேலயே பச்சை வேணும்னா சைக்கிள குட்டியானைல ஏத்திக்கிட்டு ஏற்காடு போயிருங்க, நாலஞ்சு பேரு சேந்தா வாடகை பெருசாத் தெரியாது. ஏரிய சுத்தி, அங்கருந்து பகோடா பாயிண்ட் வரைக்கும் போய் காக்கம்பாடிய மேல இருந்து பாத்துட்டு திரும்பறது ஒரு காலைக்கு போதும். தார் ரோடுதான், ஆனா மலைக் காத்துல மூச்சும் காலும் எப்படி வேல செய்யுதுன்னு புரியும்.

நீலம். இங்கதான் சேர்வராயன் மலையோட ருசியே. ஏற்காட்டுல இருந்து கெளம்பி நாகலூர், செம்மடுவு, காவேரி பீக், மஞ்சக்குட்டைன்னு சுத்தி மறுபடி ஏற்காட்டுக்கே வர்ற லூப் ரோடு 32 கி.மீ., முழுக்க காப்பித் தோட்டத்துக்கு நடுவுல போகும், ஏறும் எறங்கும் ஏறும் எறங்கும், தட்டையான எடம்னு பத்து நிமிசம் சேந்தாப்ல கெடைக்காது. மொதல்ல ஒரு தடவ இந்த ரோட்ட மட்டும் முழுசா சுத்துங்க. அரை நாள் வச்சுக்கங்க. சுத்தும்போதே ரெண்டு பக்கமும் பிரியற மண் ரோட்டக் கண்ணுல வச்சுக்கிட்டே போங்க, எது ஊருக்குப் போற பொதுப்பாதை, எது எஸ்டேட்டு கேட்டுக்குள்ள போறதுன்னு. ஊர்ப்பாதைன்னா டீக்கடைல கேட்டாலே சொல்லுவாங்க. எஸ்டேட்டுன்னா கேட்டுல வாட்ச்மேனோ மேஸ்திரியோ இருப்பாரு, எறங்கி நின்னு, ஹெல்மெட்டக் கழட்டிட்டு, அண்ணா இந்த வழில சைக்கிள்ல அந்தப்பக்கம் போய்க்கலாமான்னு கேளுங்க. பத்துக்கு ஆறு பேரு விடுவாங்க. மீதி நாலு பேரு வேணாம்னுவாங்க, திரும்பிடணும், கேட்டு பக்கத்துல சந்து இருக்குன்னு நுழையறது எல்லாம் வேணாம். ஒருத்தன் பண்ணுனதுக்கு அப்பறம் வர்ற அத்தன பேருக்கும் கதவு மூடிரும், எங்களுக்கு ஒரு அருமையான பாதை அப்படித்தான் போச்சு. டிசம்பர்ல இருந்து பழம் பறிக்கற சீசன், சாக்கு மூட்டையோட ஆளுங்க நடந்து வருவாங்க, எறங்கி வழி விடுங்க. காப்பி காயற களத்து மேல சக்கரம் படவே கூடாது.

எஸ்டேட்டு பாதைல பாக்க வேண்டியது கல்லு இல்ல, எலை. காப்பிக்கு நெழலுக்காகவும் மொளகுக் கொடி ஏத்தறதுக்காகவும் சில்வர் ஓக் மரம் வச்சிருப்பாங்க, அதோட எலை காஞ்சு விழுந்தா மேல பழுப்பும் அடியில வெள்ளி மாதிரியும் மொறுமொறுன்னு கெடக்கும், பாதை முழுக்க பாய் விரிச்ச மாதிரி. அழகா இருக்குன்னு நம்பி அது மேல வளையாதீங்க. அடியில வேரு இருக்கா, குழியா, ஜீப்பு டயரு புதைஞ்ச தடமான்னு ஒண்ணும் தெரியாது, எலை மேல எலை வழுக்கிக்கிட்டே போகும், ஈரமா இருந்தா கேக்கவே வேணாம். ஒரு காலைல கரடியூர் பக்கம் கூட வந்த நண்பர் எனக்கு முன்னாடி அஞ்சடி தூரத்துல போயிட்டு இருந்தாரு, வளைவுல எலைக் குவியல் மேல போனாரு, சத்தமே இல்லாம ஆளு காணோம், எட்டிப் பாத்தா காப்பிச் செடிக்குள்ள ஒக்காந்து சிரிச்சிட்டு இருக்காரு, ஹேண்டில்பார் தொண்ணூறு டிகிரி திரும்பி நிக்குது. எலை இருந்தா நேரா மட்டும் போங்க, வளையற எடத்துல எலை இல்லாத ஓரமாத் தேடுங்க.

வேரு குறுக்க வந்தா செங்குத்தா கடக்கணும், சாய்வா ஏறுனா சக்கரம் வேர் மேலயே சறுக்கிட்டு ஓடும். அப்பறம் மண்ணு. சேர்வராயன் கோயில் பக்கம் மேட்டுல செம்மண், அந்த ஏரியால அலுமினியத்துக்கான பாக்சைட் தாது வெட்டி எடுத்த மலை அது. காஞ்சிருந்தா டயரு கவ்விப் புடிக்கும், மழை பேஞ்ச மறுநாள் அதே மண்ணு டயருல அப்பிக்கிட்டு ஃபோர்க்குக்கும் சக்கரத்துக்கும் நடுவுல அடைச்சு வண்டி சுத்தாமயே நின்னுரும். மழைக்கு ரெண்டு நாள் கழிச்சு போங்க, உங்களுக்கும் நல்லது, பாதையிலயும் தடம் ஆழமா விழாது.

கருப்புப் பாதை பத்தி கேக்கறவங்கதான் ஜாஸ்தி, நான் கம்மியாத்தான் சொல்லுவேன். மலை மேல இருந்து அடிவாரத்துக்கு கல்லுப் படியும் பாறையுமா ஜனங்க காலங்காலமா நடந்த ஒத்தையடிப்பாதைங்க இருக்கு. அதுல நெறைய காப்புக்காட்டுக்குள்ள போகுது, அனுமதி இல்லாம உள்ள போறது குத்தம், 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீல மலையேறப் போனவங்க செத்ததுக்கு அப்பறம் இந்த விஷயத்துல வனத்துறை ரொம்ப கண்டிப்பு, சரியாத்தான் இருக்காங்க. கொண்டப்பநாயக்கன்பட்டில இருந்து குண்டூர் ஏறற பாதைய அரசாங்கமே மலையேற்றத்துக்குத் தெறந்து விட்டிருக்கு, ஆனா அது புக் பண்ணி வழிகாட்டியோட நடந்து போறதுக்கு. சைக்கிள எடுத்துக்கிட்டு அங்க போய் நிக்காதீங்க. அதனால கருப்புன்னு நாங்க சொல்லறது எஸ்டேட்டுக்காரங்க சம்மதத்தோட அவங்க எடத்துலயே இருக்கற செங்குத்தான பாறை எறக்கம், ஊர்ப்பாதைல வர்ற படிக்கட்டு, அவ்வளவுதான். போறதுக்கு முன்னாடி அந்த எறக்கத்த ஒரு தடவ நடந்து பாருங்க, எந்த எடத்துல பிரேக்க விடணும், எங்க நின்னுக்கலாம்னு. மேல நின்னு பாத்து வயித்துல ஏதோ பண்ணுச்சுன்னா தூக்கிக்கிட்டு நடந்து எறங்குங்க, நான் இன்னிக்கும் பல எடத்துல தூக்கிக்கிட்டுத்தான் எறங்கறேன். தனியா போறது மட்டும் கருப்புல கூடவே கூடாது, பல எடத்துல டவர் கிடைக்காது, கால் முறிஞ்சா 108க்கு போன் பண்ணக்கூட ஒருத்தர் மேட்டுக்கு ஓடணும்.

காட்டெரும. இது வெளையாட்டு இல்ல. சேர்வராயன் மலைல எஸ்டேட்டுக்குள்ளயே மேயும், விடிகாலையும் பொழுது சாயற நேரமும் பாதைக்கு வரும். சைக்கிள் சத்தமில்லாம போறதுதான் பிரச்சனை, வளைவு திரும்புனா திடீர்னு அது முன்னாடி நிப்பீங்க. ஒரு தடவ மொளகு பறிச்சிட்டு இருந்த அம்மா ஒருத்தங்க ஏணி மேல இருந்தே கூப்புட்டாங்க, "கண்ணு, அங்க போகாத, ஒத்த நிக்குது"ன்னு. ஒத்தன்னா கூட்டத்த விட்டுப் பிரிஞ்ச தனி ஆண். நாங்க அப்படியே திரும்பி அரை மணி நேரம் டீக்கடைல ஒக்காந்துட்டு வேற வழில போனோம். பார்வை மறையற வளைவுக்கு முன்னாடி பெல் அடிங்க, இல்ல சத்தமா பேசிட்டே போங்க. பாத்துட்டீங்கன்னா நின்னு, பின்னாடியே மெதுவா நகரணும், செல்பி எடுக்க கிட்ட போறவன வீட்டுக்கு அனுப்பிருங்க. நாய் தொரத்துனா வேகம் போடாம எறங்கி, சைக்கிள நடுவுல வச்சுக்கிட்டு நடங்க, பத்தடி நடந்தா அதுக்கே போரடிச்சிரும். கொரங்கு மலை ரோட்டுல எல்லா எடத்துலயும் இருக்கும், பிஸ்கட் பாக்கெட்டு கவர் சத்தம் கேட்டா போதும், பை உங்களது இல்ல.

மலை ரோட்டுல ஏறறதுன்னா காலைல ஆறு மணிக்கு முன்னாடி அடிவாரத்துல இருக்கணும், ஞாயித்துக்கெழம எட்டு மணிக்கு மேல காரு வரிசை கட்டிரும். ஏறும்போது பெண்டோட உள்பக்கம் செங்குத்து, வண்டி வரலைன்னா கொஞ்சம் அகலமா எடுத்துக்கங்க, பஸ்சு வருதுன்னா ஓரமா நின்னுருங்க, அதுக்கு முழு ரோடும் வேணும். நம்பர் போர்ட எண்ணிக்கிட்டே ஏறுங்க, அஞ்சு பெண்டுக்கு ஒரு தடவ நின்னு தண்ணி குடிங்க, தாகம் எடுக்கற வரைக்கும் காத்திருக்க வேணாம். எறங்கும்போதும் அதே போர்டுதான் கணக்கு, அஞ்சு பெண்டுக்கு ஒரு தடவ நின்னு பிரேக்கு ஆறட்டும், கை வெரலும் மடக்கி நீட்டி ஆறட்டும். ஏறி வர்ற வண்டிக்குத்தான் மலைல முன்னுரிமை, எறங்கற நம்மதான் ஒதுங்கணும். குப்பனூர் வழியா எறங்கறவங்களும் இருக்காங்க, கொட்டச்சேடு தாண்டி, அதுவும் செங்குத்துதான், அங்கயும் இதே கணக்குதான். மே மாசம் கோடை விழா சமயத்துல ரெண்டு ரோடும் கூட்டம், அப்ப மலைய விட்டுட்டு ஏரிக்கரையே பாருங்க.

ஐப்பசி கார்த்திகைல மழை ஊத்துனா 40 அடி பாலம் 60 அடி பாலம் பக்கமெல்லாம் பாறைல இருந்து தண்ணி ரோட்டுலயே கொட்டும், மண்ணும் கல்லும் சரியும், 2024 டிசம்பர் மொத வாரம் புயல் மழைல மலை ரோடே பல எடத்துல சரிஞ்சு கெடந்தது. ரோடு தெறந்திருக்கான்னு பாக்காம கெளம்பாதீங்க. தை மாசிதான் எங்களுக்குப் புடிச்ச மாசம், பாதை காஞ்சிருக்கும், காலைல பனி மூட்டமா இருக்கும், முன்னாடி வெள்ளை லைட்டு பின்னாடி செவப்பு லைட்டு போட்டுக்கங்க, கைக்கு கிளவுஸ் கண்டிப்பா, குளிர்ல வெரல் மரத்துப் போனா பிரேக் புடிக்கறது தெரியவே தெரியாது.

பையில என்னென்னன்னு கேட்டீங்கன்னா, டியூப் ஒண்ணு, டயர் லீவர் ரெண்டு, கைப்பம்பு, ஆலன் கீ செட்டு, செயின் கட்டர் இருந்தா நல்லது, பேண்டேஜு, ஒத்த ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, கடலமுட்டாய், கசங்குன ஐநூறு ரூவா நோட்டு ஒண்ணு. நோட்டு டீக்கு மட்டும் இல்ல, கல்லு கிழிச்சு டயர்ல ஓட்ட பெருசா விழுந்தா உள்பக்கம் மடிச்சு வச்சு டியூப்பு பிதுங்காம வீடு வரைக்கும் ஓட்டிரலாம், நான் ரெண்டு தடவ ஓட்டிருக்கேன்.

வீட்டுக்கு வந்ததும் தட்டுவடை செட்டு சாப்டப் போகணும்னுதான் தோணும், போங்க, ஆனா அதுக்கு முன்னாடி சைக்கிள்ல பக்கெட்டு தண்ணிய மேலாப்ல ஊத்தி பழைய துணில தொடச்சிட்டுப் போங்க. வாட்டர் சர்வீஸ்ல குடுத்து பிரஷர் தண்ணி அடிக்காதீங்க, பேரிங்குக்குள்ள போயிரும். செயினத் தொடச்சு காய வச்சு, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு ஆயில், மேல வழியறதத் துணில எடுத்துடணும். அந்த செம்மண் மட்டும் ராத்திரி முழுக்க வண்டிலயே காஞ்சிருச்சுன்னா காலைல பழைய டூத் பிரஷ்ஷும் ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கிட்டு ஒக்காந்து சொரண்டணும், நேத்து ராத்திரி சோம்பேறித்தனத்துல விட்டுட்டு இப்ப அதத்தான் பண்ணிட்டு இருக்கேன்.